கட்டி முடித்த கார்டை என்ன செய்வது, அமுதா?

அன்புள்ள அமுதா,

திண்டிவனம் வட்டாரப் பொதுமக்களுக்கும், குறிப்பாக விழுப்புரத்தில் வாடகை அறை எடுத்துத் தானே சமைத்துச் சாப்பிடும் என் ஒரே மகளுக்கும், மிகுந்த பொறுப்புணர்வோடு ஒரு செய்தியை அறிவிக்கிறேன். இரண்டு வாரமாகத் தலைமறைவாக இருந்த நம் வீட்டு மிக்ஸி மூடி நேற்றுக் காலை பிடிபட்டது. பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள், ஒயர் சுருளுக்கு அடியில், ஒன்றும் அறியாத முகத்தோடு படுத்திருந்தது. அதை அங்கே வைத்தது யார் என்று உன் அம்மா விசாரணை தொடங்கியிருக்கிறாள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் நீதிபதி என்பதால் தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடும். இந்த இரண்டு வாரமும் மூடிக்குப் பதிலாகத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துச் சட்னி அரைத்தது நான்தான். சமையலறைச் சுவரில் இருக்கும் பச்சைப் புள்ளிகளுக்கும் நானே பொறுப்பு.

செய்தி முடிந்தது. இனி விஷயம். போன வாரம் போனில் நீ கேட்டாய்: "ப்பா, ரெண்டு கிரெடிட் கார்டு பாக்கியையும் கட்டி முடிச்சிட்டேன். மூடிடட்டா, வெச்சிக்கட்டா? லேப்காரரு வேற பங்குனிக்குள்ள முடிவு சொல்லுன்றாரு." நான் "எழுதுறேம்மா" என்றேன். "எழுதறியா? எதுக்குப்பா, போன்லதானே பேசிக்கினு இருக்குறோம்?" என்றாய். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. உறை ஒட்டப் பசை வேறு வீட்டில் இல்லை. ஆகவே இதைத் திறந்த கடிதம் என்றே வைத்துக்கொள். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். கார்டு வைத்திருக்கிறவர்கள் ஊரில் நீ ஒருத்தி மட்டும் இல்லையே.

கேள்வியின் எடை எனக்குத் தெரியும். நீ வேலை செய்யும் ரத்தப் பரிசோதனை லேப்பை அதன் முதலாளி உன்னிடமே கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகப் போகிறார். நீ எடுத்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரோ எடுப்பார்கள்; நீ அவர்களிடம் சம்பளத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருப்பாய். எடுத்துக்கொள்ள வங்கிக் கடன் வேண்டும். கடன் கொடுக்கிறவன் முதலில் பார்ப்பது உன் கிரெடிட் ஸ்கோர். அது ஒரு காலத்தில் எந்தப் பள்ளத்தில் கிடந்தது என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நாலு வருஷமாக நீ அதைக் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுவந்திருக்கிறாய். இப்போது கார்டுகளை மூடுவதா வேண்டாமா என்ற சின்ன முடிவில் அந்த லேப் இருக்கிறது.

நான் முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். வங்கியிடம் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்காத ஆள் நான். கிரெடிட் கார்டு என்ற பொருளை விரலால் தொட்டதில்லை. தமிழில் அதைக் கடன் அட்டை என்கிறார்கள். ரத்தம் குடிக்கிற பூச்சிக்கும் அட்டை என்றுதான் பெயர். வைத்தவன் விவரமானவன் என்று நான் கல்யாண வீடுகளில் மைக் டெஸ்ட் பண்ணும்போது சொல்லியிருக்கிறேன். நீயும் கேட்டிருப்பாய். அப்போது உன் கைப்பையில் மூன்று இருந்தன.

தொண்ணூற்று மூன்றில், நீ தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நான் சவுண்ட் சர்வீஸ் ஆரம்பித்தேன். ஒலிபெருக்கி வாங்கப் பணம் கொடுத்தவர் மார்க்கெட் பக்கத்து மல்லாட்டை (வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) மண்டிக்காரர். என்னிடம் ஒலிபெருக்கி, அவரிடம் வட்டிபெருக்கி. இரண்டும் நன்றாக வேலை செய்தன. புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டி அதன் மேல் கையெழுத்துப் போட்டேன். இரண்டு ஆடி மாதம், கூழ் ஊற்றுகிற கோயில் கோயிலாகப் பாட்டுப் போட்டுக் கடனை முடித்தேன். கடைசித் தவணையன்று அவர் இரும்புப் பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும்: கடன்பட்டவனே தன் கையெழுத்தும் ஸ்டாம்பும் இருக்கிற மூலையைக் கிழிக்க வேண்டும். நான் கிழித்தேன். கிழித்த மூலையைச் சும்மா கீழே போட மனம் வரவில்லை. வாயில் போட்டு மென்றேன். மண்டிக்காரர் மூட்டை மேலிருந்து எழுந்தே விட்டார்.

"டேய், துப்புடா! மை வயித்துக்கு ஆவாதுடா."

"முழுங்கிட்டா யாரும் ஒட்டவெக்க முடியாதுல்ல மொதலாளி?"

"உங்கிட்ட குடுத்த காசத் திருப்பி வாங்கினதே பெருசு, இதுல ஆஸ்பத்திரி செலவு வேறயா? துப்பு!"

துப்பினேன். கை நிறைய மல்லாட்டை அள்ளிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் மண்டையில் பதிந்த பாடம்: கட்டி முடித்த கடனைக் கிழித்தால்தான் அது முடிந்த கடன். அதற்குப் பிறகு புது மைக், ஜெனரேட்டர், உன் படிப்பு எல்லாமே சீட்டுப் பணத்திலும் ரொக்கத்திலும்தான். இந்தப் பாடத்தை நான் உனக்கும் கொடுத்தேன் என்பதைத்தான் இப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

உன் கார்டுகளின் கதையை நான் உனக்கே சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் இது திறந்த கடிதம், மற்றவர்களும் படிக்கிறார்கள். சென்னையில் முதல் வேலை கிடைத்த வருஷம் முதல் கார்டு வந்தது; வருஷக் கட்டணம் கிடையாது. இரண்டாவது கார்டுக்கு ஒரு சக்கரப் பை இலவசமாகக் கொடுத்தார்கள். அந்தப் பையை உன் அம்மா இன்றும் அரிசி வைக்கப் பயன்படுத்துகிறாள். மூன்றாவது எதற்கு வாங்கினாய் என்று உனக்கே ஞாபகம் இல்லை. பிறகு நீ வேலை செய்த லேப்பின் கிளையை ஒரே நாளில் பூட்டினார்கள். நீ வேலை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் அட்டைகள் தங்கள் வேலையைப் பார்த்தன. மூன்றும் தவணை தவறின. உன் போனில் பதில் இல்லையென்றதும் வங்கியின் வசூல் ஆட்கள் என் நம்பருக்கு வந்தார்கள்.

ஒலக்கூர் பக்கம் ஒரு காதுகுத்துக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் பேசினான், குரலைப் பார்த்தால் உன்னைவிடச் சின்னவன். "உங்க பொண்ணு பணம் கட்டல. இப்பிடியே இருந்தா ஊருக்கே வந்து அசிங்கப்படுத்துவோம்" என்றான்.

"எப்பிடி தம்பி அசிங்கப்படுத்துவ?"

"தெருவுல நின்னு கத்துவோம் சார்."

"தொண்டை போயிடும் தம்பி. எங்கிட்டயே மைக் செட் இருக்குது. நாலு ஆரன் ஸ்பீக்கர் கட்டி நானே அசிங்கப்படுத்திடறேன். வாடகைய மட்டும் ஜல்தியா அனுப்பிடு."

அவன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "சார், எனக்கும் டார்கெட்டு சார், பேஜாரா இருக்குது" என்றான். அப்புறம் யார் யாரோ பேசினார்கள். எல்லோரும் சிரிக்கிறவர்கள் இல்லை. நீ விழுப்புரத்தில் வேலை கிடைத்து வந்து, அசலும் வட்டியும் அபராதமும் சேர்த்து, பேரம் பேசிப் பாதியில் முடிக்காமல், முழுசாகவே கட்டத் தொடங்கினாய். நான் உதவவில்லை. நீ கேட்கவும் இல்லை. இதை நான் பெருமையாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. நடந்தது அப்படி.

முதலில் முடிந்தது அந்தச் சக்கரப் பை கார்டு. அன்று நீ வீட்டுக்கு வந்திருந்தாய். கடைசித் தவணை போய்ச் சேர்ந்ததாக மெசேஜ் வந்ததும் நான்தான் சொன்னேன், "கிழிச்சிடுவோம்" என்று. கார்டு கிழியவில்லை. உன் அம்மா அரிவாள்மனையைக் கொண்டுவந்து குறுக்கே அறுத்தாள். கேசரி கிண்டினாள். கற்பூரம் ஒன்றுதான் காட்டவில்லை. துண்டுகளை எடுத்துப்போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து சாப்பிட்டோம். மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வங்கிக்கு இந்த அறுவைச் சிகிச்சை பற்றித் தகவலே போகவில்லை என்று.

அடுத்த வருஷம் நீ ஸ்கூட்டி வாங்கத் தவணைக் கடன் கேட்டாய். ஷோரூம்காரன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஒரு கார்டுல பாக்கி காட்டுதும்மா" என்றான். நாம் அறுத்துக் கொன்ற அதே கார்டு. அதற்கு வருஷக் கட்டணம் விழுந்திருக்கிறது, கட்டாததற்கு அபராதம், அபராதத்துக்கு வட்டி. கேட்டு வந்த கடிதமெல்லாம் நீ காலி செய்த சைதாப்பேட்டை ஹாஸ்டலுக்குப் போயிருக்கிறது. நீ போனில் சொன்னபோது அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். "அறுத்துப் போட்டதுக்கப்புறமும் அதுக்கு எப்பிடிடீ ரத்தம் ஊறுது?" என்றாள். உன்னால் அன்று சிரிக்க முடியவில்லை. ஏறியிருந்த ஸ்கோர் சறுக்கியது. ஸ்கூட்டி வரவில்லை, நீ இன்றும் லேப்புக்கு ஷேர் ஆட்டோவில் போகிறாய். பாக்கியைக் கட்டி, எழுதிக் கொடுத்து, மூடியதற்குக் கடிதம் வாங்கி அந்தக் கார்டை முறையாக அடக்கம் செய்தாய். என் பாடத்துக்கு நீ கொடுத்த பீஸ் அது.

இப்போது மீதி இரண்டும் கட்டி முடிந்துவிட்டன. மூடினால்தான் நிம்மதி என்று உனக்குத் தோன்றுவது இயற்கை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் லேப் பேச்சு முதலில் வந்தபோதே, மூன்று மாதத்துக்கு முன்னால், உனக்குத் தெரியாமல் நான் விழுப்புரத்துக்கு வந்து உன் வங்கியில் கடன் பார்க்கும் பெண்ணைப் பார்த்துப் பேசினேன். அவளுக்கு உன் வயதுதான் இருக்கும்.

"எம் பொண்ணு ரெண்டு கார்டு பாக்கிய முடிக்கப்போவுதும்மா. முடிச்சதும் மூடிட்டு, சுத்தமா வந்து லோன் கேக்கறோம்" என்றேன்.

"ஐயோ சார், எதுக்கு மூடறீங்க?"

"கட்டி முடிச்சா மூடறதுதானம்மா மரியாத?"

"மரியாத உங்களுக்கு சார். மிஷினுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பழைய கார்டு எத்தன வருஷமா இருக்குது?"

"வேலைக்குப் போன வருஷம் வாங்குனது."

"அதுதான் சார் அவங்களுக்கு சொத்து. நடுவுல தவறினதும் அதுல இருக்குது, அப்புறம் விடாம கட்டினதும் அதுல இருக்குது. மூடினா ஏற்கெனவே இருக்கறது உடனே அழிஞ்சிடாது. ஆனா இனிமே நல்லது எதுவும் அதுல சேராது. லிமிட்டும், அதான் செலவு பண்ண விடற மொத்தத் தொகை, கொறஞ்சிடும்."

லிமிட் குறைந்தால் என்ன என்று எனக்குப் புரியவில்லை. அவள் சதவீதத்தில் விளக்கினாள், அப்போதும் புரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தொழிலில் வைத்துப் பார்த்தேன், புரிந்தது. ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரில் வால்யூமைக் கால்வாசி வைத்துப் பாட்டுப் போட்டால் குரல் கணீரென்று வரும். அதே சத்தத்தைச் சின்ன ஆம்ப்ளிஃபயரில் எடுக்க வேண்டுமென்றால் திருகை முழுசாகத் திருப்ப வேண்டும். அது கொய்ங் என்று கத்தும், கூட்டம் காதைப் பொத்தும். நீ மாதம் செலவு செய்வது அதே தொகைதான். இரண்டு கார்டு இருந்தால் அது கால்வாசி வால்யூம். ஒன்றை மூடினால் அதே செலவு மீதிக் கார்டில் அரைவாசியாகத் தெரியும். இந்தப் பெண் ரொம்பக் கடனை நம்பி வாழ்கிறாள் என்று மிஷின் நினைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் பஸ்ஸில்தான் தோன்றியது. மண்டிக்காரர் என் நோட்டைக் கிழிக்கக் கொடுத்தார், ஆனால் என் மூஞ்சியை மறக்கவில்லை. அடுத்த வருஷம் ஜெனரேட்டருக்குச் சீட்டு எடுக்கப் போனபோது, "அந்தப் பேப்பர் தின்னவந்தானே? குடுக்கலாம், நாணயமானவன்" என்று அவரே ஜாமீன் நின்றார். காகிதம் போனாலும் ஆள் நினைவில் இருந்தான். வங்கிக்கு உன் மூஞ்சி தெரியாது. காகிதம்தான் அதற்கு நினைவு. அதை நாமே கிழித்தால் நாலு வருஷம் நீ ஷேர் ஆட்டோவில் போனதை அதற்கு யார் சொல்வது?

ஆகவே என் யோசனை. முதல் கார்டை மூடாதே. மாதா மாதம் போன் ரீசார்ஜ் மட்டும் அதில் போடு. பில் வந்ததும் மினிமம் தொகை என்று சின்ன எழுத்தில் காட்டுகிறதைக் கண்டுகொள்ளாமல் முழுசாகக் கட்டு. இன்னொரு கார்டுக்கு வருஷக் கட்டணம் இருக்கிறது. அந்தக் கட்டணத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டுப் பார். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் லேப் கடன் கைக்கு வரும்வரை பொறுத்து, பிறகு மூடு. மூடும்போது எழுத்தில் வாங்கு. உன் முகவரியை விழுப்புரத்துக்கு மாற்று. அரிவாள்மனை வேண்டாம்.

நீ ஒரு முறை சொன்னாய், "கார்டு பையில இருந்தா கை நமநமன்னு இருக்குதுப்பா" என்று. அதை நான் மறக்கவில்லை. கார்டு கையில் இருந்தால் மறுபடியும் பழைய பள்ளத்துக்குப் போய்விடுவேன் என்று உனக்கு உண்மையாகவே பயமிருந்தால், ஸ்கோர் எக்கேடோ கெடட்டும், மூடிவிடு. லேப் போனாலும் வேறு வழி பார்க்கலாம். ஆனால் பயம் கொஞ்சம்தான் என்றால், கார்டை அம்மாவிடம் கொடுத்துவிடு. உன் போனில் இருக்கிற கடை ஆப்களிலிருந்து அதன் நம்பரை எடுத்துவிடு. அம்மாவிடம் போன பொருள் காரணம் சொல்லாமல் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. எது கொஞ்சம், எது அதிகம் என்பது உனக்குத்தான் தெரியும். அதில் நான் தலையிடவில்லை.

யோசனை முடிந்தது. இங்கேயே கையெழுத்துப் போட்டிருந்தால் நான் விவரமான அப்பாவாகவே இருந்திருப்பேன். ஆனால் அந்த வங்கி மேஜையில் நடந்ததில் பாதியைத்தான் உனக்குச் சொன்னேன். நான் உன்னைப் பற்றி விசாரிக்க மட்டும் போகவில்லை. உன் கடனில் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் உன் பழைய சறுக்கலை என் நல்ல பேர் தூக்கிப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் போனேன். நெஞ்சை நிமிர்த்தி, "எந்த பேங்குலயும் ஒத்த ரூபா கடன் வாங்காதவன்மா, எம்பேரப் போட்டுப் பாரு" என்று பான் கார்டை நீட்டினேன். அவள் தட்டிப் பார்த்தாள். மறுபடியும் தட்டினாள்.

"சார், உங்களுக்கு மைனஸ் ஒண்ணு காட்டுது."

"நூத்துக்கா?"

"இல்ல சார். கடனே வாங்காதவங்களுக்கு ஸ்கோர் கெடையாது. அதுக்குத்தான் மைனஸ் ஒண்ணுன்னு வரும். கெட்ட பேரும் இல்ல, நல்ல பேரும் இல்ல. உங்களுக்குப் பேரே இல்ல சார். நீங்க கையெழுத்துப் போட்டும் இதுல பிரயோஜனம் இல்ல. உங்க பொண்ணு ஸ்கோரே பரவால்ல."

ஆக, அமுதா, லேப் கடனுக்கு இந்தக் குடும்பத்தில் நம்பி நிற்கக்கூடிய ஒரே பெயர் உன்னுடையது. அதிலும் வயதில் மூத்தது உன் முதல் கார்டு. நான் உன்னை மூட வேண்டாம் என்பதற்கு ஆம்ப்ளிஃபயரைவிடப் பெரிய காரணம் இதுதான். கடன் வாங்கி, விழுந்து, கட்டி முடித்தவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. விழாமல் இருந்தேன் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இல்லை.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மைனஸ் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அந்தப் பெண்ணிடமே திரும்பிப் போய், கொஞ்சம் பணத்தை டெபாசிட் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்கிவிட்டேன். ஆமாம், அட்டைதான்; விரலால் தொட்டதில்லை என்று மேலே எழுதியது பொய். அம்மாவுக்குத் தெரியாது. அதில் ஒரு வயர்லெஸ் மைக் வாங்கினேன். பில் வந்தது. கட்டக் கடைசி நாள் நேற்று. உனக்கு இந்தக் கடிதத்தை எழுதி எழுதி அடித்துத் திருத்திக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டேன். இன்று காலை ஆப்பில் கட்டப் போய்ப் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டு, அது என்னை உள்ளேயே விடமாட்டேன் என்கிறது. மூணு நாளைக்குள் கட்டிவிட்டால் பெயரில் ஏறாது என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். இல்லையென்றால் எனக்கென்று முதன்முதலாக வரப்போகிற பெயர், வரும்போதே கெட்ட பெயராக வந்துவிடும்.

அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் நானே பஸ் ஏறிக் கொண்டுவந்து உன் லேப் பையனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ இதைப் படிக்கும்போது நான் வாசலில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு வரிசையில் நின்றுகொண்டிருப்பேன். பணம் சட்டைப் பையில் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுதான் தெரியவில்லை. உள்ளேயே சிரித்து முடித்துவிட்டு வெளியே வா.

இப்படிக்கு,
அப்பா